பெட்டியில் அச்சிட்ட வேகமும் கணினி காத்திருக்கும் நேரமும்

கணினிக்கு நினைவகம் வாங்கச் செல்பவரின் கண்ணில் முதலில் படுவது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் வேக எண்ணாகும். 3200, 3600, 6000 என அது ஏறிக்கொண்டே செல்லும். விலையும் அதனுடன் சேர்ந்து ஏறும். அவ்வெண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் 16-18-18-38 என்றோ 30-38-38-96 என்றோ நான்கு எண்கள் வரிசையாக நிற்கும். பம்பலப்பிட்டியிலுள்ள கணினிக் கடைகளாயினும் சரி, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள கடைகளாயினும் சரி, இந்த இரண்டாவது வரிசையைச் சுட்டிக்காட்டி விளக்கம் கேட்போர் குறைவு. விற்பவரும் தாமாக வாய் திறப்பதில்லை.

கணினியைச் சாதாரண வேலைகளுக்கு மட்டும் பயன்படுத்துவோருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் தயாரிப்பாளர் நிர்ணயித்த அளவுக்கு மேலாக வேகத்தை ஏற்றிப் பயன்படுத்த விரும்புவோர், அதாவது 'ஓவர்குளொக்கிங்' செய்ய முனையும் இளைஞர்கள், அந்தச் சிறிய எண்களை வாசிக்கத் தெரியாமல் பணத்தைக் கொடுத்தால், கூடுதல் விலைக்குக் குறைந்த பயனையே வீட்டுக்குக் கொண்டு செல்வார்கள். 2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருட்கள் அனைத்தையும் போல நினைவகமும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. பின்னர் 2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்கான கேள்வி பெருகியதால், உலகச் சந்தையிலேயே நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. பெற்றோரின் பணத்தில் கணினி கட்டும் ஒரு மாணவனுக்கு இவ்விடயத்தில் தவறான தெரிவு சிறிய இழப்பல்ல.

நினைவகம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை விளங்கிக்கொள்ள, புறக்கோட்டையிலுள்ள ஒரு மொத்த வியாபாரக் கடையை மனதில் நிறுத்துவோம். முன்னால் முதலாளி இருக்கின்றார். அவர்தான் கணினியின் புரொசசர். பின்னால் பெரிய களஞ்சியம். முதலாளி ஒரு பொருளைக் கேட்டால், களஞ்சியத்துப் பையன் முதலில் உரிய இறாக்கையைத் தேடி, அதிலுள்ள பொருட்கள் முழுவதையும் மேசையில் இறக்க வேண்டும். பின்னர் மேசையிலிருந்து கேட்ட பொருளைப் பொறுக்கி எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த பொருள் வேறொரு இறாக்கையில் இருந்தால், மேசையில் இருப்பவற்றை மீண்டும் பழைய இறாக்கையில் அடுக்கிய பின்னரே புதியதை இறக்கலாம்.

பெட்டியிலுள்ள நான்கு எண்களும் இந்த வேலைகளுக்குச் செல்லும் நேரமே. முதலாவது எண், மேசையில் ஏற்கெனவே இருக்கும் பொருளை எடுத்துக் கொடுக்கும் நேரம், இதனையே 'சீ.எல்.' எனக் குறிப்பிடுவர். இரண்டாவது, இறாக்கையைத் திறந்து மேசையில் இறக்கும் நேரம். மூன்றாவது, மீண்டும் அடுக்கி வைக்கும் நேரம். நான்காவது, திறந்த இறாக்கை ஆகக் குறைந்தது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது. பெரிய எழுத்திலுள்ள வேக எண்ணோ முற்றிலும் வேறொன்றைச் சொல்கின்றது. பொருள் மேசையை விட்டுப் புறப்பட்ட பின்னர், களஞ்சியத்துக்கும் கடைக்கும் இடையிலுள்ள நடையில் ஒரு செக்கனில் எத்தனை மூட்டைகள் கடந்து செல்லும் என்பதே அது. முதலாவது தாமதம், இரண்டாவது கடத்தும் அளவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலேயே குழப்பம் தொடங்குகின்றது.

இங்கு கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. இந்த நான்கு எண்களும் செக்கன் கணக்கில் தரப்படுவதில்லை. நினைவகத்தின் கடிகாரத் துடிப்புக் கணக்கிலேயே தரப்படுகின்றன. கடிகாரம் வேகமாக அடித்தால் ஒரு துடிப்பின் நேரம் குறுகும். எனவே 16 என்பது எப்போதும் 18ஐ விடச் சிறந்தது எனக் கூற முடியாது. எந்தக் கடிகாரத்தின் 16 என்பதைப் பார்க்க வேண்டும். மேலும், 'டீ.டீ.ஆர்.' எனப்படும் வகை நினைவகங்கள் ஒரு துடிப்பில் இரு தடவை தரவை அனுப்புவதால், 3200 என விற்கப்படும் நினைவகத்தின் உண்மையான கடிகார வேகம் 1600 மெகாஹேட்ஸ் மட்டுமே. பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் 3200 மெகாஹேட்ஸ் என எழுதுவது வழக்கமாகிவிட்ட பிழை.

கணக்கு இலகுவானது. சீ.எல். எண்ணை 2000ஆல் பெருக்கி, பெட்டியிலுள்ள வேக எண்ணால் வகுத்தால், காத்திருக்கும் நேரம் நனோ செக்கனில் கிடைக்கும். கைத்தொலைபேசியிலேயே கணித்துக்கொள்ளலாம். 3200 வேகமும் சீ.எல். 16உம் கொண்ட டீ.டீ.ஆர்.4 நினைவகம் 10 நனோ செக்கன் காத்திருக்க வைக்கின்றது. 3600 வேகமும் சீ.எல். 18உம் கொண்டதும் அதே 10 நனோ செக்கன்தான். ஆனால் கடத்தும் அளவில் முன்னையது செக்கனுக்கு 25.6 கிகாபைட், பின்னையது 28.8 கிகாபைட். தாமதம் சமமாக இருக்கக் கடத்தும் அளவு கூடுவதால், விலை அதிகம் வேறுபடாவிடின் 3600ஐ எடுப்பதே பொருத்தம். 3600 வேகத்தில் சீ.எல். 16 கிடைத்தால் தாமதம் 8.9 நனோ செக்கனாகக் குறையும், இரண்டிலும் இலாபம். அதே 3600இல் சீ.எல். 20 உடைய மலிவான பெட்டியை எடுத்தால் 11.1 நனோ செக்கன். பழைய 3200ஐ விட அது பின்தங்கிவிடும்.

இந்தக் கணக்கைப் பழைய நினைவகங்களுக்கும் போட்டுப் பார்த்தால் வியப்பூட்டும் ஓர் உண்மை புலப்படும். 2003ஆம் ஆண்டளவில் ஓவர்குளொக்கிங் ஆர்வலர்கள் விரும்பித் தேடிய டீ.டீ.ஆர். 400 நினைவகம், வின்பொன்ட் நிறுவனத்தின் சில்லுகளைக் கொண்டு சீ.எல். 2இல் இயங்கியது. அதன் தாமதம் 10 நனோ செக்கன். இன்று நல்லதெனக் கருதப்படும் டீ.டீ.ஆர்.5 6000, சீ.எல். 30இல் இயங்குகின்றது. அதன் தாமதமும் 10 நனோ செக்கன். இடைப்பட்ட காலத்தில் கடத்தும் அளவு செக்கனுக்கு 3.2 கிகாபைட்டிலிருந்து 48 கிகாபைட்டாக, அதாவது 15 மடங்காகப் பெருகிவிட்டது. காத்திருக்கும் நேரமோ நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

இதன் காரணம் நினைவகத்தின் அடிப்படை அமைப்பில் உள்ளது. ஐ.பீ.எம். நிறுவனத்தின் றொபர்ட் டெனார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பே இன்றும் தொடர்கின்றது. ஒரு திரான்சிஸ்டரும் ஒரு சிறு கொள்ளளவியும் சேர்ந்து ஒரு பிட் தகவலைத் தாங்குகின்றன. அக்கொள்ளளவியிலுள்ள மின்னேற்றம் மிகச் சொற்பமானது. அதை நீண்ட கம்பி வழியே இழுத்து, உணர்ந்து, பெருப்பித்து, 0 அல்லது 1 எனத் தீர்மானிக்கச் செல்லும் நேரத்தைப் பெரிதாகக் குறைக்க முடியவில்லை. குறைப்பதாயின் சில்லின் பரப்பளவு கூடும், விலையும் கூடும். ஆகவே தயாரிப்பாளர்கள் வேறு வழியை நாடினர். ஒரு தடவை இறாக்கையைத் திறந்தால் கூடுதலான பொருட்களை ஒருமிக்க அள்ளி அனுப்புவதே அந்த வழி. முதலாம் தலைமுறையில் ஒரு தடவைக்கு 2 ஆக இருந்த இந்த அள்ளல், டீ.டீ.ஆர்.2இல் 4, டீ.டீ.ஆர்.3இல் 8, டீ.டீ.ஆர்.5இல் 16 என உயர்ந்தது. பெட்டியின் மேல் வளர்ந்துகொண்டே செல்லும் பெரிய எண்ணின் பின்னணி இதுவே.

புதிய தலைமுறை வந்தவுடன் ஓடிச்சென்று வாங்குவதில் உள்ள ஆபத்தும் இதனுள் அடங்கும். 2021 நவம்பரில் இன்டெல் நிறுவனத்தின் 12ஆம் தலைமுறைப் புரொசசர்கள் டீ.டீ.ஆர்.5 உடன் வெளிவந்தபோது, தொடக்க நிலை நினைவகங்கள் 4800 வேகத்திலும் சீ.எல். 40இலும் இருந்தன. கணக்கிட்டால் 16.7 நனோ செக்கன். நல்ல டீ.டீ.ஆர்.4 வைத்திருந்தவர்கள் பல கணினி விளையாட்டுகளில் அதற்குப் பின்தங்காமலும், சிலவற்றில் முந்தியும் நின்றனர், செலவும் குறைவு.

முதல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவதும் போதாது. சில பெட்டிகளில் 16-20-20-38 என இருக்கும். சீ.எல். 16 எனக் கவர்ச்சியாகச் சொல்லி, அடுத்த இரு எண்களில் தளர்வு காட்டும் உத்தி இது. மேசையைக் காலியாக்கி, புதிய இறாக்கையைத் திறந்து, பொருளை எடுக்கும் முழு வேலைக்கும் முதல் மூன்று எண்களையும் கூட்ட வேண்டும். 3200 வேகத்தில் 16-20-20 என்றால் 35 நனோ செக்கன்; 16-18-18 என்றால் 32.5; ஆர்வலர்கள் தேடும் 14-14-14 என்றால் 26.25. கடைசியாகக் கூறியது சம்சுங் நிறுவனத்தின் 'பீ-டை' எனப்படும் சில்லுகளால் சாத்தியமானது. நினைவகத் தகட்டின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் நிறுவனப் பெயரும் உள்ளிருக்கும் சில்லைச் செய்தவரின் பெயரும் பெரும்பாலும் வேறுவேறானவை என்பதைச் சொல்ல வேண்டியுள்ளது. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும் பங்கைச் சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்களே செய்கின்றன. வண்ண விளக்குகளும் அலங்காரத் தகடுகளும் எந்தச் சில்லையும் வேகப்படுத்துவதில்லை.

இவை அனைத்தையும் கணித்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது: களஞ்சியத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கக் கடை தயாரா? இங்கேதான் அதிக பணம் வீணாகின்றது. ஏ.எம்.டீ. நிறுவனத்தின் ரைசன் புரொசசர்களில், உள்ளிருக்கும் பகுதிகளை இணைக்கும் பாதையின் கடிகாரம் நினைவகத்தின் கடிகாரத்துடன் ஒன்றுக்கு ஒன்று என இணைந்து ஓடும்போதே சிறந்த பலன் கிடைக்கும். 2019இல் வெளிவந்த 3000 வரிசையிலும் அதன் பின்னர் வந்த 5000 வரிசையிலும் பெரும்பாலான புரொசசர்களில் இந்த ஒத்தோட்டம் 3600 முதல் 3800 வரையிலான நினைவகத்துடன் முடிந்துவிடுகின்றது. அதற்கு மேல் 4000, 4400 எனச் சென்றால் இரு கடிகாரங்களும் பிரிந்து, கைமாறும் இடத்தில் தரவு காத்து நிற்கும். சீ.எல். எண்ணைக் குறைத்துப் பாடுபட்டு மிச்சம் பிடித்த ஒரு நனோ செக்கனை, இந்த ஒரு பிரிவு பல மடங்காகத் திருப்பி எடுத்துக்கொள்ளும். பணத்துக்கேற்ற பலன் 3600 வேகமும் சீ.எல். 16உம் கொண்ட நினைவகத்தில்தான் என அக்காலத்தில் ஏ.எம்.டீ.யே எடுத்துக்காட்டியது இதனாலேயே.

2022இல் வந்த 7000 வரிசைக்கு அந்நிறுவனம் பொருத்தமான இடமெனக் காட்டியது டீ.டீ.ஆர்.5 6000ஐ. அந்த எல்லையைச் சற்றுத் தாண்டியதும் நினைவகக் கட்டுப்படுத்தி பாதி வேகத்துக்கு இறங்கிவிடுவது வழக்கம். ஆகவே இவ்வகைப் புரொசசர் வைத்திருப்பவர் 7200 வேகத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை விட, 6000இல் சீ.எல். 30 உள்ளதைத் தேடுவதே புத்திசாலித்தனம். இன்டெலிலும் இதே கதை வேறு பெயரில் உண்டு. 2021இன் 11ஆம் தலைமுறையிலிருந்து 'கியர் 1', 'கியர் 2' என இரு நிலைகள் வந்தன. இரண்டாவதில் கட்டுப்படுத்தி நினைவகத்தின் பாதி வேகத்தில் ஓடும். டீ.டீ.ஆர்.4 பயன்படுத்துவோர் முதலாவது நிலையில் தாங்கும் அளவுக்குள் நிற்பதே நன்று.

என்ன வேலைக்காக வாங்குகிறோம் என்பதும் தெரிவை மாற்றும். தனியான கிராபிக்ஸ் அட்டை வாங்க வசதியின்றி, புரொசசருக்குள்ளேயே உள்ள கிராபிக்ஸைக் கொண்டு விளையாடுவோருக்குக் கடத்தும் அளவே உயிர். அவர்கள் ஒரு தகட்டுக்குப் பதிலாக இரு தகடுகளைப் போட்டு இரு வழிகளையும் திறந்துவிடுவதே, எந்த ஓவர்குளொக்கிங்கை விடவும் பெரிய மாற்றத்தைத் தரும். 16 கிகாபைட் வேண்டுமாயின் 8 கிகாபைட் தகடுகள் இரண்டாக வாங்க வேண்டும் என்பது இதன் பொருள். நல்ல கிராபிக்ஸ் அட்டையுடன் செக்கனுக்குக் கூடுதல் படங்களை எதிர்பார்க்கும் விளையாட்டு ஆர்வலருக்குத் தாமதமே முக்கியம். ஆனால் 2022இல் ஏ.எம்.டீ. வெளியிட்ட 5800எக்ஸ்3டீ போன்ற, 96 மெகாபைட் உள் நினைவகம் கொண்ட புரொசசர் ஒன்றை வைத்திருப்பவர், விலை கூடிய நினைவகத்துக்குச் செலவிடத் தேவையில்லை. முதலாளியின் மேசை லாச்சியிலேயே பெரும்பாலான பொருட்கள் இருக்கும்போது பையன் எவ்வளவு வேகமாக ஓடினால் என்ன?

இலாபத்தின் அளவையும் மிகைப்படுத்தாமல் கூற வேண்டும். புரொசசர் கேட்டதிலிருந்து நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும் வரையான முழு நேரம் இன்றைய மேசைக் கணினிகளில் சுமார் 60 முதல் 80 நனோ செக்கன் வரை செல்கின்றது. அதில் சீ.எல். ஒரு பகுதி மட்டுமே. 10ஐ 9 ஆக்கினால் கிடைப்பது நூற்றுக்கு ஒன்று இரண்டு. நினைவகம் போதாமல் கணினி வன்தட்டை நாடத் தொடங்கினால் இழப்பது அதனிலும் பன்மடங்கு. எனவே கொள்ளளவு முதலில், இரு தகடுகள் அடுத்து, வேகமும் தாமதமும் அதன் பின்னர் என்ற ஒழுங்கை நாம் வற்புறுத்துவோம்.

இனி ஆபத்தான பக்கம். வேகத்தை அளவுக்கு மிஞ்சி ஏற்றினாலோ தாமத எண்களை அளவுக்கு மிஞ்சிக் குறைத்தாலோ கணினி எப்போதும் நின்றுவிடும் என எண்ண வேண்டாம். நின்றுவிட்டால் நல்லது, தவறு தெரிந்துவிடும். பெரும்பாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், இடையிடையே ஒரு பிட் மட்டும் மாறும். தமிழ் எழுத்துகளுக்கான யுனிகோட் குறியீட்டில் 'ப' எழுத்துக்கும் 'ம' எழுத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரேயொரு பிட். அந்தப் பிட் புரண்டால் 'பணம்' என்பது 'மணம்' ஆகிவிடும். எண்களில் 1 என்பது 9 ஆவதற்கும் ஒரு பிட் போதும். சொல் பிழையை வாசிப்பவர் கண்டுகொள்வார். கடைக் கணக்கில் 1000 ரூபா 9000 ரூபாவானால், அல்லது திருமணப் படங்களைப் பிரதி செய்யும்போது ஒரு கோப்பு சிதைந்தால், அது தெரியவரும்போது மூலப்பிரதி அழிந்திருக்கலாம். வீட்டுப் பாவனைக்கான நினைவகங்களில், வழங்கிக் கணினிகளில் உள்ளது போன்ற முழுமையான பிழைதிருத்த வசதி இல்லை. டீ.டீ.ஆர்.5இல் சில்லுக்குள் நிகழும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு இருந்தாலும், சில்லிலிருந்து புரொசசர் வரையான பாதையில் ஏற்படும் பிழைகளை அது காப்பதில்லை.

நமது காலநிலை இதில் தனியாகக் கவனிக்கத்தக்கது. கொள்ளளவியிலுள்ள மின்னேற்றம் தானாகவே கசிந்துகொண்டிருக்கும், அதனாலேயே டீ.டீ.ஆர்.4 நினைவகம் 64 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை முழுவதும் புதுப்பிக்கப்படுகின்றது. வெப்பம் ஏறினால் கசிவும் ஏறும். சில்லின் வெப்பம் 85 பாகை செல்சியஸைக் கடந்தால் இருமடங்கு வேகத்தில் புதுப்பிக்க வேண்டும் எனத் தர நிர்ணய அமைப்பான ஜெடெக் விதித்துள்ளது. இறுக்கிப் பிடித்த தாமத எண்கள் அந்த எல்லைக்கு வெகு முன்னதாகவே தடுமாறும். குளிரூட்டிய கடையில் சரியாக ஓடிக் காட்டிய கணினி, சித்திரை மாத நண்பகலில் ஓட்டுக் கூரையின் கீழ் பிழைவிடுவது இதனாலேயே. குளிர்நாடுகளில் வாழ்வோர் வெளியிடும் எண்களை அப்படியே பின்பற்றாமல், ஒரு படி தளர்வாக வைத்துக்கொள்வது நம்மவர்க்கு உகந்தது.

மின்னழுத்தமும் அவ்வாறே. டீ.டீ.ஆர்.4இன் நியம அழுத்தம் 1.2 வோல்ற், ஓவர்குளொக்கிங் பெட்டிகள் பொதுவாக 1.35 வோல்ற் கேட்கும். அதைத் தயாரிப்பாளரே பரீட்சித்திருக்கின்றார். அதற்கு மேல் கூட்டுவது சொந்தப் பொறுப்பு. நினைவகத்தைத் தூண்டப் போய்ப் புரொசசரைப் பறிகொடுத்த நிகழ்வுகளும் உண்டு. 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 புரொசசர்கள் கருகிப்போனதாகச் செய்திகள் வந்தன. நினைவகத்தின் வேக அமைப்பை இயக்கும்போது சில தாய்ப்பலகைகள் புரொசசரின் ஒரு பகுதிக்கு மட்டுமீறிய அழுத்தத்தைக் கொடுத்ததோடு அது தொடர்புபட்டிருந்தது. பின்னர் ஏ.எம்.டீ. அந்த அழுத்தத்தை 1.3 வோல்ற்றுக்குள் கட்டுப்படுத்தும் பயோஸ் திருத்தத்தை வெளியிட்டது. அக்காலத்துத் தாய்ப்பலகையைப் பழையதாக வாங்குவோர் முதலில் பயோஸைப் புதுப்பிப்பது அவசியம். இவ்வாறான வேகமேற்றலால் வரும் சேதம் சாதாரண உத்தரவாதத்தில் அடங்காது என்பதே ஏ.எம்.டீ., இன்டெல் இரண்டினதும் நிலைப்பாடு.

வாங்கி வந்த பின்னர் செய்ய வேண்டிய முதல் வேலையைப் பலர் செய்வதில்லை. 3600 எனப் பெட்டியில் இருந்தாலும், தகட்டைச் செருகியவுடன் அது 2133 அல்லது 2400 போன்ற பாதுகாப்பான வேகத்திலேயே ஓடத் தொடங்கும். பயோஸுக்குள் சென்று, இன்டெல் வகையில் 'எக்ஸ்.எம்.பீ.' என்றும், புதிய ஏ.எம்.டீ. வகையில் 'எக்ஸ்போ' என்றும் உள்ள அமைப்பை இயக்கினாலே பணம் கொடுத்த வேகம் கிடைக்கும். விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்தால் இப்போது ஓடும் வேகம் தெரியும். ஏற்கெனவே கணினி வைத்திருப்போரும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

அமைப்பை இயக்கியதும் மெம்டெஸ்ட்86 போன்ற பரீட்சிப்பு மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். வெப்பமான பகற்பொழுதில் மீண்டும் ஒரு தடவை ஓடவிடுவது இன்னும் நல்லது. ஒரு பிழைகூட ஏற்கத்தக்கதல்ல. பிழை வந்தால் அழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன் வேகத்தை ஒரு படி இறக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் வந்தால் எல்லா அமைப்புகளையும் நீக்கி, நியம வேகத்தில் பரீட்சிக்க வேண்டும். அங்கும் பிழை தொடருமாயின் தகடு பழுதானதாக இருக்கக்கூடும். ஒவ்வொரு தகடாகப் போட்டுப் பார்த்தால் எது எனத் தெரிந்துவிடும். உத்தரவாத அட்டையுடன் கடைக்குத் திரும்பலாம். இரண்டு வெவ்வேறு பெட்டிகளை வாங்கி நான்கு தகடுகளாகச் செருகியவர் இச்சோதனையில் தோற்றால் வியப்பதற்கில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டீ. உறுதியளிக்கும் வேகம் இரு தகடுகளுக்கு 5200. நான்கு தகடுகளுக்கு 3600 மட்டுமே.